பச்சை எரியாத லிஃப்ட்

லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனதற்குக் காரணம் என் குடை. குடியிருப்போர் சங்கக் குறிப்பேட்டில் அது ‘மின்னழுத்தக் கோளாறு’ என்று பதிவாகியிருக்கிறது. பதிவு செய்தவர் செயலாளர். செயலாளர் நான். அந்தப் பதவியில் இதைத் தவிர வேறு சுகம் எதுவும் இல்லை.

உள்ளே நான்கு பேர் இருந்தோம். சங்கத் தலைவர் நாச்சிமுத்து, ஒரு காலத்தில் வெட் கிரைண்டர் கம்பெனி நடத்தியவர். ஆறாம் மாடி பிரசன்னா, வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக்காரனுக்கு நிரல் எழுதிக் கொடுத்துவிட்டு மீதி நேரத்தில் தாடி வளர்ப்பவன். நான்காம் மாடியில் 4சி வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஜெசிந்தா, மருத்துவமனையில் டயாலிசிஸ் வார்டில் வேலை பார்ப்பவள். அப்புறம் ஏழாம் மாடி திருமூர்த்தியாகிய நான். கோயமுத்தூர் நூற்பாலை ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் தரக்கட்டுப்பாடு பார்த்து ஓய்வு பெற்றவன். நூறு நூல்கண்டுகளுக்கு நடுவில் ஒரே ஒரு கெட்ட கண்டை வைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியவனும் நான்தான்.

தலைக்கு மேலே மூச்சளவி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

வறட்டுக் காய்ச்சலுக்கு மூக்கில் விடும் தடுப்புச் சொட்டு வந்த நாளிலிருந்து ஊரில் ஒரே சண்டை. சொட்டு விட்டுக்கொண்டவர்கள் இனியும் முகக்கவசம் போட வேண்டுமா, வேண்டாமா? போட வேண்டும் என்றால் சொட்டு எதற்கு என்று ஒரு கட்சி. சொட்டு விட்டவனும் காய்ச்சலைச் சுமந்துபோய் அடுத்தவனுக்குக் கொடுக்கலாமே என்று இன்னொரு கட்சி. இரண்டையும் சமாதானப்படுத்த அரசாங்கம் மூச்சளவியைக் கொண்டுவந்தது. லிஃப்ட், பேருந்து, வங்கி என்று நாலு பேர் கூடும் இடமெல்லாம் கூரையில் ஒன்று. கதவு மூடியதும் உள்ளே இருப்பவர்களின் மூச்சை இழுத்து அதில் நோய்க்காப்பு இருக்கிறதா என்று பார்க்கும். எல்லோருக்கும் இருந்தால் பச்சை, முகத்தைத் திறந்துகொள்ளலாம். ஒரே ஒருவருக்கு இல்லாவிட்டாலும் சிவப்பு, அத்தனை பேரும் கவசம் போட வேண்டும். அந்த ஒருவர் யார் என்று மட்டும் அது சொல்லாது. உடல்மறைவுச் சட்டம் அப்படி. தனியாக ஏறினால் விளக்கே எரியாது. தன் மூச்சைத் தானே இழுப்பவனிடம் அரசாங்கத்துக்கு என்ன வேலை.

பேருந்தில் எப்போதும் சிவப்புதான். அறுபது பேரில் ஒருவர் இல்லாமலா போய்விடுவார் என்று யாரும் அலட்டிக்கொள்வதில்லை. ஆனால் நான்கு பேரில் ஒருவர் என்பது வேறு சங்கதி. மூன்று பேர் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். நான்காவது ஆளுக்கு மட்டும் உண்மை தெரியும். அவர்தான் உள்ளதிலேயே அப்பாவியாக முகத்தை வைத்திருப்பார் என்பது என் சித்தாந்தம்.

மூன்றாம் மாடியில் கதவு திறந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. ஒவ்வொருவராக வெளியே நிறுத்திக் கதவை மூடிப் பார்க்க வேண்டியது. யார் வெளியே நிற்கும்போது பச்சை எரிகிறதோ அவர்தான் ஆள். நான் அளக்கிறவன், ஆகவே உள்ளேயே இருப்பேன்.

“நாச்சிமுத்து, ஒரு நிமிசம் வெளிய நில்லுங்க,” என்றேன்.

“நான் எதுக்குங்க நிக்கோணும்? எனக்கு எட்டாவது மாடி.”

கதவு மூடத் தொடங்கியது. தடுப்பதற்காகக் குடையை நீட்டினேன். கனமான பொருள் என்றால் கதவு உணர்ந்து திறந்துவிடும். என் குடையின் நுனி ஊசி மாதிரி. கதவு அதைக் கவ்விக்கொண்டது. லிஃப்ட் அரை மாடி ஏறி, ஒரு தடவை இருமி, நின்றுவிட்டது.

“ஏனுங்க செக்ரட்டரி,” என்றார் நாச்சிமுத்து. “கொடைய மழைக்கும் புடிக்கலாமுங்க.”

மெக்கானிக் வர நாற்பது நிமிடம் ஆகும் என்று கீழேயிருந்து காவலாளி கத்திச் சொன்னார். கிடைத்த நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று விசாரணையைத் தொடங்கினேன்.

“நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். இங்க காப்பு இல்லாத ஆளு யாரு? அத மட்டும் சொல்லிருங்க.”

மூவரும் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் அந்தச் சிவப்பு விளக்கைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை.

“போன மாசம் வரைக்கும் மாஸ்க்கே வேண்டாம்னு தெருவுல கோசம் போட்டவன் நீதான பிரசன்னா? இப்ப மட்டும் என்ன இப்படி இழுத்துக் கட்டியிருக்கற?”

“தாடி அரிக்குது அங்கிள். மூடி வெச்சா நல்லாருக்கு.”

தாடி அரித்தால் மூடி வைக்கும் மனிதனை நான் அதுவரை கண்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. “நான் ரெண்டு தடவ சொட்டு விட்டவன். சான்றிதழ் சட்டப் பையில இருக்குது. எவனோ ஒருத்தனுக்காக நான் எதுக்கு மூஞ்சிய மூடோணும்?” என்று கவசத்தைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன்.

மூவரும் ஒரே நேரத்தில் தங்கள் கவசங்களை மூக்குக்கு மேலே ஏற்றினார்கள். பிரசன்னா மூலையில் ஒட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நாச்சிமுத்து கைக்குட்டையை எடுத்துக் கவசத்துக்கு மேலே இன்னொன்றாக அழுத்திக்கொண்டார். மூன்று பேருமே களவாணிகளா என்று எனக்கே திகைப்பாகிவிட்டது.

“சார், மாஸ்க்கப் போடுங்க,” என்றாள் ஜெசிந்தா.

“ஏம்மா, பயமா?”

“ஆமாங்க சார்.”

“எனக்குப் பயமில்ல.”

“அதுதானுங்க சார் பயமே.”

அவள் தன் பையிலிருந்து புதிய கவசம் ஒன்றை எடுத்து நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவில்லை. தினமும் பத்துப் பேருக்கு ஊசி குத்துகிற கை அது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவள், கை வலிக்குமே என்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். இதைத் தோல்வி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அன்று மாலையே ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், உடன் ஏறியவர், விளக்கின் நிறம். மூன்று வாரத்தில் கிடைத்த முடிவு என்னையே உலுக்கிவிட்டது. நாச்சிமுத்துவோடு ஏறியது நான்கு முறை, நான்கும் சிவப்பு. பிரசன்னாவோடு மூன்று, மூன்றும் சிவப்பு. ஜெசிந்தாவோடு பதினேழு, பதினேழும் சிவப்பு. ஒரு தடவைகூடப் பச்சை இல்லை. இந்தக் கட்டடம் முழுக்கச் சொட்டு விட்டதாகப் பொய் சொல்லும் கூட்டமா?

இன்னொன்றும் கவனித்தேன். நோட்டுப் போட்டதிலிருந்து ஆட்கள் என்னோடு ஏறுவதைத் தவிர்த்தார்கள். நான் லிஃப்டுக்குள் நின்றால், “நீங்க போங்க சார், நாங்க அடுத்ததுல வர்றோம்,” என்பார்கள். அடுத்தது என்று ஒன்று கிடையாது, எங்கள் கட்டடத்தில் ஒரே லிஃப்ட். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் மனிதனை எப்படிப் பணிவாக்குகிறது பாருங்கள். ஜெசிந்தா மட்டும் காத்திருப்பதில்லை. வேலை முடிந்து வீங்கிய காலோடு வருவாள், என்னைப் பார்த்ததும் விளக்கு எரிவதற்கு முன்பே கவசத்தை எடுத்துக் கட்டிக்கொள்வாள், வந்து ஏறிக்கொள்வாள். நான்காம் மாடியில் இறங்கி நாலடி நடந்ததும் கழற்றிவிடுவாள். கதவு மூடும் இடுக்கு வழியாக நானே பார்த்திருக்கிறேன். விளக்கு எரியும் முன்பே சிவப்பு என்று ஒருவருக்குத் தெரிகிறது என்றால் என்ன அர்த்தம்? தரக்கட்டுப்பாட்டில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவனுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

என் மனைவி வசந்தாமணியிடம் நோட்டைக் காட்டினேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதோறும் மூட்டுவலிக்கு ஒரு மஞ்சள் மாத்திரை, ஆறு வருடமாக அவள் கையால்தான் சாப்பிடுகிறேன்.

“அவங்கவங்க ஒடம்பு அவங்கவங்களுக்கு. உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கணக்கு?” என்றாள்.

“இதக் கேளு.” மூச்சளவியோடு வந்த விளக்கப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தைப் படித்தேன். “‘சொட்டு விட்டுக்கொண்ட அனைவருக்கும் சொட்டுப் பிடித்திருக்கும் என்று கொள்ளலாகாது. சில நோய்களும் சில மருந்துகளும் உடலின் எதிர்ப்பைத் தூங்கவைத்திருக்கும்.’ களவாணிகளுக்கு என்ன அழகா ஒரு சந்து உட்டு வெச்சிருக்கறான் பாத்தியா? கேட்டா, ‘விட்டேனுங்க, புடிக்கலீங்க’ன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்.”

மாத்திரை அட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் கை ஒரு கணம் நின்றது. ஏமாற்றுக்காரர்களை அவளுக்கும் பிடிக்காது.

“தண்ணி குடிங்க,” என்றாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினாள், படியில். அவளுக்குச் சர்க்கரை. லிஃப்ட் வேண்டாம், ஏழு மாடி ஏறி இறங்கினால் குறையும் என்று யாரோ சொன்னார்களாம். மூச்சளவி மாட்டிய வாரத்திலிருந்து நடந்துதான் போய் வருகிறாள். அறுபத்து மூன்று வயதில் வந்த உடற்பயிற்சி வெறியை நான் நன்றாகக் கிண்டல் செய்திருக்கிறேன்.

நான் ஏன் இவ்வளவு முனைப்பாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன அலையில் என் தம்பி ஒன்பது நாளில் போய்விட்டான். அதற்குப் பிறகு நான் ஐந்து மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் தட்டுவாள் வசந்தாமணி. நான் பேசாமலிருந்தது அவளுக்குப் பெரிதில்லை, ஜோக் அடிக்காமலிருந்ததுதான் பயமாக இருந்தது என்று பின்னால் ஒரு நாள் சொன்னாள். சொட்டு வந்த பிறகுதான் கதவைத் திறந்தேன். திறந்த வேகத்தில் செயலாளராகவும் ஆகிவிட்டேன். சொட்டு எனக்கு மருந்து இல்லை, விடுதலைப் பத்திரம். அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டும் முகத்தை மூடித் திரிய வேண்டும் என்றால், அதற்குக் காரணமான ஆளை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதினேன். சொட்டுச் சான்றிதழ் உள்ளவர்கள் கட்டடத்துக்குள் எங்கேயும் கவசம் போட வேண்டியதில்லை. மூச்சளவியைக் கழற்றிவிடலாம். காப்பு இல்லாதவர்கள் லிஃப்டைப் பயன்படுத்தாமல் படியில் ஏறட்டும்.

அது பொதுவான நீதி. தனிப்பட்ட நீதிக்காக 4சி வீட்டின் சொந்தக்காரருக்குத் திருப்பூருக்குப் போன் போட்டேன்.

“நீங்க சொன்னாச் சரிங்க செக்ரட்டரி,” என்றார் அவர். “சங்கத்து லெட்டர் ஒண்ணு குடுத்துருங்க. மாசக் கடைசில காலி பண்ணச் சொல்லிப்போடறேன். எனக்கென்ன, வேற ஆளு வெச்சுக்கறேன்.”

கடிதத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்திட்டுச் சட்டைப் பையில் வைத்தேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்குக் கோயமுத்தூரில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜெசிந்தா எங்கள் கட்டடத்துக்கு வருமுன் ஏழு வீடு ஏறி இறங்கியதும் எனக்குத் தெரியும். அதனால் கடிதத்தை உடனே கொடுக்காமல், நியாயமாக நடந்துகொள்வோம் என்று முதலில் கருவியைச் சோதிக்க மெக்கானிக் ஆறுச்சாமியை வரச் சொன்னேன்.

“அளக்கற கருவி சரியான்னு மொதல்ல பாக்கோணும் ஆறுச்சாமி,” என்றேன். “எங்க மில்லுல ஒரு தடவ அத்தன நூல்கண்டும் ஈரம்னு காட்டுச்சு. ஒரு வண்டிச் சரக்கத் திருப்பி அனுப்பிட்டோம். கடைசில பாத்தா, அளந்த ஆளுக்குக் கை வேர்த்திருக்குது. அந்தக் கைல தொட்டுத் தொட்டு அளந்தா எந்த நூலு காஞ்சதுன்னு காட்டும்?”

ஆறுச்சாமி சிரித்தார். “நல்ல கதைங்க,” என்று சொல்லிவிட்டுக் காவலாளியை ஏற்றிக்கொண்டு மேலே போய் வந்தார். அப்புறம் காவலாளியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போய் வந்தார். அப்புறம் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கருவியைப் பார்த்தார்.

“மெசினு கரெக்டா இருக்குதுங்க.”

“அப்ப யாரு?”

“அது வந்துங்க, நீங்க இப்பச் சொன்னீங்கல்ல, அந்த நூலு...”

அதற்குள் நாச்சிமுத்து எங்கிருந்தோ வந்து அவர் தோளில் கை போட்டார். “ஆறுச்சாமி, வாப்பா, ஒரு டீ சாப்பிட்டுட்டு வரலாம்.” நாச்சிமுத்து யாருக்காவது டீ வாங்கிக் கொடுத்ததாக எங்கள் கட்டடத்தின் வரலாற்றில் இல்லை. அவர் சொந்த மருமகனே வீட்டிலிருந்து பிளாஸ்க்கோடு வருவார். மெக்கானிக்கை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று நோட்டில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். மண்டபத்தை நெருங்கும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் வாசலில் கால் வைத்ததும் சிரிப்பு நின்றது. முப்பது கைகள் ஒரே நேரத்தில் பைக்குள் போயின. முப்பது முகங்கள் மூடின. ஹெட்மாஸ்டர் நுழைந்த வகுப்பு மாதிரி இருந்தது. செயலாளர் பதவிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தீர்மானத்தைப் படித்தேன். ஆதரவாக யார் பேசுகிறீர்கள் என்று நாச்சிமுத்து கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.

“பிரசன்னா,” என்றேன். “நீ பேசு. மூஞ்சி மனுசனோட சுதந்திரம்னு சொன்னவன் நீதான?”

“சொன்னேன் அங்கிள்.” அவன் எழுந்து பின்கழுத்தைச் சொறிந்தான். “இருக்கட்டும் அங்கிள். லிஃப்ட்ல ரெண்டு நிமிசம். என்ன இப்ப.”

“தத்துவம் என்னாச்சு?”

“தத்துவமெல்லாம் அப்படியேதான் இருக்கு. ஆனா எங்க வீட்லயே ஒருத்தருக்குன்னா நான் போட மாட்டனா?”

“உங்க வீட்டுல யாருக்கு?”

அவன் உட்கார்ந்துவிட்டான்.

“நான் ஒண்ணு கேக்கறேன்,” என்றேன் சபையைப் பார்த்து. “சொட்டு விட்டாச்சு. கவர்மெண்டு சான்றிதழ் குடுத்தாச்சு. அதுக்கு மேலயும் மூஞ்சிய மூடறதுன்னா, ஒண்ணு சொட்டு பொய்யி, இல்ல நீங்க பொய்யி. எது?”

நாச்சிமுத்து தொண்டையைக் கனைத்தார். “ரெண்டுமில்லீங்க. சொட்டு விட்டவன் மாஸ்க்குப் போடறது அவனுக்காக இல்லீங்க, பக்கத்துல நிக்கறவனுக்காக. பக்கத்துல நிக்கறவனுக்கு அது தெரியோணும்னுகூட அவசியமில்லீங்க.”

“அந்தப் பக்கத்துல நிக்கறவன் படில போகட்டும்னுதான் நான் சொல்றேன்.”

“ஏழு மாடி ஏற முடியாதவரா இருந்தா?”

“ஏழு மாடின்னு நான் சொல்லவே இல்லியே.”

நாச்சிமுத்து தண்ணீர் குடிக்கப் போனார், கவசம் போட்டிருந்ததை மறந்து சட்டையை நனைத்துக்கொண்டார்.

சீட்டில் எழுதிப் போடும் ரகசிய வாக்கெடுப்பு, வீட்டுக்கு ஒன்று. தீர்மானத்துக்கு எதிராக முப்பத்தொன்று. ஆதரவாக ஒன்று. அந்த ஒன்று யாருடையது என்று துப்பறிய வேண்டியிருக்கவில்லை. கடைசி வரிசையில் வசந்தாமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கலைந்து போகும்போது ஒவ்வொருவரும் வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். தோற்றவனுக்கு ஆறுதல் சொல்வது போல இல்லை அது. துக்க வீட்டில் கைகொடுப்பது போலவும் இல்லை. என்னவென்று புரியாத ஒன்று. எனக்கு அதுதான் அதிகம் எரிச்சலாக இருந்தது.

முப்பத்தொரு வீடு சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றுகிறது. காப்பாற்றட்டும். கடிதம் என் பையில் இருந்தது. வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கூட்டத்தில் இடமில்லை என்பதால் ஜெசிந்தா அங்கே இல்லை. இரவுப் பணி முடிந்து அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்தாள். லிஃப்டுக்கு முன்னால் நான் நிற்பதைப் பார்த்ததும் பையில் கை விட்டாள், கவசத்தைக் கட்டிக்கொண்டாள், ஏறினாள். நானும் ஏறினேன். கதவு மூடியது. சிவப்பு. பதினெட்டு.

கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள். கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் வரிவரியாக நகர்ந்தன. இரண்டாம் தடவையும் படித்தாள்.

“மாசக் கடைசின்னா இன்னும் பதினோரு நாளுங்க சார்.”

“தெரியும்.”

“இதுக்கு முன்னால ஏழு வீட்டுல இல்லைன்னு சொன்னாங்க. எட்டாவதா நீங்கதான் சரின்னு கையெழுத்துப் போட்டீங்க. ஆஸ்பத்திரிக்காரங்களுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கறதுன்னு ஓனர்கிட்டச் சண்ட போட்டீங்களாம். அத நான் மறக்கலீங்க சார்.”

அந்தக் கையெழுத்தை நானும் மறந்திருக்கவில்லை. மறந்தது போல இருக்க முயன்றுகொண்டிருந்தேன்.

“அப்ப உண்மையச் சொல்லும்மா. சொட்டு விட்டியா, இல்லியா? விட்டுப் புடிக்கலையா? எதுன்னாலும் சொல்லு. நான் இந்த லெட்டரக் கிழிச்சுப் போட்டுடறேன். எனக்கு வேண்டியது ஆளுல்ல, பதிலு. மூச்சளவி மாட்டுன இந்த ரெண்டு மாசமா இந்தக் கட்டடத்துல ஒருத்தர்கூட எனக்கு நேராப் பதில் சொல்லலை.”

“நான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கறனுங்க சார்.”

“யாருக்கு?”

“அதையும் சொல்லக் கூடாதுங்க.”

“பாத்தியா, இப்பவும்.”

நான்காம் மாடி வந்தது. கதவு திறந்தது. அவள் வெளியே போய், கதவு மூடாதபடி ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து நின்றாள். வீங்கிய கால், செருப்பின் வார் அதில் பதிந்திருந்தது. என் குடையைவிடத் தடிமனாக இருந்ததால் கதவு மரியாதையாகப் பின்வாங்கியது.

“சார், அந்த வெள்ளிக்கிழம மாத்திரை இன்னும் போடறீங்களா?”

“பேச்ச மாத்தாத. அது உனக்கெப்படித் தெரியும்?”

“அக்கா அட்டையக் கொண்டாந்து காட்டுனாங்க. மூச்சளவி மாட்டுன ரெண்டாம் நாளு. இதச் சாப்புட்டா சொட்டுப் புடிக்காமப் போகுமான்னு கேட்டாங்க.”

“எந்த அக்கா?”

கீழே எங்கேயோ படிக்கட்டில் யாரோ மூச்சுவாங்கி ஏறிவரும் சத்தம் கேட்டது. ஒரு மாடிக்கு ஒருமுறை நின்று, கைப்பிடியைப் பிடித்து, மறுபடியும் ஏறும் சத்தம். அந்த நடை எனக்குத் தெரியும்.

“அக்கா ஏழு மாடி ஏறி எறங்கறது சர்க்கரைக்குன்னு நெனச்சுட்டீங்களா சார்? உங்களோட ரெண்டே பேரா லிஃப்ட்ல ஏற வேண்டாமுன்னுதானுங்க.”

நோட்டு என் கையில் இருந்தது. தேதி, நேரம், உடன் ஏறியவர், நிறம். நான்கு பத்தி, எல்லாம் சரியாகக் கோடு போட்டு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் ஒரு தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாகத்தான் கேட்டேன்.

“ஜெசிந்தா. இந்தக் கட்டடத்துல யாருக்குத்தாம்மா பச்சை எரியுது?”

அவள் என் கண்களைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் இந்தக் கட்டடத்தில் யாரும் என்னை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

“எல்லாருக்கும் எரியுதுங்க சார்,” என்றாள். “நீங்க ஏறாதப்ப.”